ஆயிரம் குச்சிக்கு என்ன கூலி?

2011-இல் இந்திய அரசின் சுங்கவரி அட்டவணையில் ஓர் எண் மாறியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஊதுபத்திக்கு அதுவரை இருந்த 30 சதவீத இறக்குமதி வரி 10 சதவீதமானது. தலைப்புச் செய்தியாகும் விஷயமல்ல. பட்ஜெட் நாளில் தொலைக்காட்சி முன் உட்காருபவர்கள்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் மைசூருவின் மொகல்லாக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாசல்படியில் பலகையைப் போட்டு ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்த பெண்களின் பிழைப்பை அடுத்த பத்தாண்டுகளில் புரட்டிப் போட்டவற்றில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

உலகமயமாக்கல் என்றதும் கண்ணாடிக் கட்டடங்களும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மைசூருவில் இன்போசிஸின் பயிற்சி வளாகத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அதைத்தான் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், அங்கே படித்து வெளியேறிய இளம்பெண்களின் வாழ்க்கை எவ்வளவோ மாறியிருக்கிறது. எனக்கு அதைவிட வியப்பளிப்பது வேறொன்று. உலகச் சந்தையின் பெயரையே கேட்டிராத, வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரு பெண்ணின் கையை அந்தச் சந்தை எந்த வழியாக வந்து தொடுகிறது? அந்த வழியை அறிய ஊதுபத்தியைப் போல உதவும் பொருள் வேறில்லை.

கையால் செய்யும் பத்திக்குத் தேவை ஒரு பலகை, ஒரு கட்டு மூங்கில் குச்சி, ஓர் உருண்டை மாவு. கரித்தூள், மரத்தூள், ஜிகட் எனப்படும் பட்டைத்தூள் ஆகிய மூன்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு தயார். தொழிலில் இதை மசாலா என்பார்கள். ஜிகட், இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சில காட்டு மரங்களின் பட்டையை இடித்து எடுப்பது. நீர் பட்டதும் கொழகொழவென்று பிசினாகி, காய்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எரியும்போது தனக்கென்று பெரிதாக வாசனை எதுவும் காட்டாது. ஊதுபத்திக்கு இதைவிடப் பொருத்தமான பசை கிடைப்பது அரிது.

உருட்டும் பெண்ணின் கைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு கை குச்சியை எடுத்துப் பலகையில் சாய்வாக வைக்கிறது. மறு கை உருண்டையிலிருந்து ஒரு கிள்ளு மாவை எடுத்துக் குச்சியின் நடுவில் ஒட்டுகிறது. உள்ளங்கை ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வருகிறது. அவ்வளவில் மாவு குச்சி நெடுகப் பரவி, அடியில் ஓர் அங்குலம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. அடுத்த குச்சி ஏற்கெனவே விரலிடுக்கில் இருக்கிறது. உருட்டியவை ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க உலர்ந்த தூளைத் தூவுகிறார். ஒரு பிடி சேர்ந்ததும் தரையில் தட்டி நுனியைச் சமன் செய்கிறார். வெயிலில் பரப்புகிறார். மாவு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் அந்தப் பத்தி பாதியில் அணைந்துவிடும். ஏஜென்ட் அதைக் கழித்துவிடுவார். கண்ணால் பார்க்காமலேயே அந்தச் சீரான கனத்தை உள்ளங்கை அறிந்து வைத்திருக்கிறது. எந்தப் பயிற்சி நிலையமும் சான்றிதழ் தராத திறமை இது.

சீரான கனம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஊதுபத்தி சுடர்விட்டு எரிவதில்லை, கனிகிறது. கரித்தூளின் மேற்பரப்பில் ஆக்சிஜன் நேரடியாகச் சேர்ந்து வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் அடுத்த மில்லிமீட்டரைச் சூடேற்றுகிறது. அதுவும் கனியத் தொடங்குகிறது. கனியும் நுனிக்குச் சற்றுக் கீழே, இன்னும் தீ எட்டாத ஆனால் நன்றாகச் சூடாகிவிட்ட ஒரு வளையம் இருக்கிறது. நறுமண எண்ணெய் அங்கேதான் ஆவியாகிப் புகையோடு கிளம்புகிறது. நமக்கு மணப்பது எரிந்ததன் வாசனை என்பதைவிட எரியப்போவதன் வாசனை என்பதே சரி. மாவு மெலிந்த இடத்தில் இந்த வெப்பச் சங்கிலி அறுந்துபோகும். ஒரு மணி நேரத்தில் சில நூறு குச்சிகளில் அந்தச் சங்கிலி அறாதபடி பார்த்துக்கொள்வது அந்த உள்ளங்கையின் வேலை.

மூங்கில் குச்சியைச் சுற்றி மாவைப் பூசும் இந்த முறை புராண காலத்தது என்று நினைக்கத் தோன்றும். தூபமும் சாம்பிராணியும் பழையவைதான். குச்சி வைத்த பத்தி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இந்தியாவில் பரவியது. மைசூரு அதன் தலைநகரமானதற்குச் சந்தனம் ஒரு காரணம். அந்தச் சந்தனத்தின் கதையிலும் உலகச் சந்தை உண்டு. மைசூர் சமஸ்தானத்தின் சந்தனக் கட்டைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டன. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் கப்பல் நின்றது, கட்டைகள் கிடங்குகளில் குவிந்தன. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசில் விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த நேரம் அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் ஆகிய வேதியியலாளர்கள் எண்ணெய் வடிக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். 1916-ஐ ஒட்டி அரசே சந்தன எண்ணெய் ஆலை தொடங்கியது. வெளிச்சந்தை மூடியதால் பிறந்த தொழில் என்று இதைச் சொல்லலாம்.

1948-இல் என். ரங்கராவ் மைசூருவில் தொடங்கிய நிறுவனம் பின்னர் 'சைக்கிள்' என்ற பெயரில் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. 1960-களில் மேற்கத்திய இளைஞர்களிடம் இந்திய ஊதுபத்தி திடீரென்று பிரபலமானது. மட்டிப்பால் சேர்த்த நாக் சம்பா வகையை உலகின் எந்த மூலையிலும் முகரலாம் என்ற நிலை வந்தது. மைசூர் அகர்பத்திக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயரைச் சட்டம் காத்தது. ஆனால் அந்தப் பெயரை உலகுக்குக் கொண்டுபோன பத்தியை உருட்டிய கை யாருடையது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அதற்குக் காரணம், வேலை பிரித்துத் தரப்படும் விதம்.

நிறுவனம் ஏஜென்டிடம் மாவுத்தூளையும் குச்சியையும் தருகிறது. ஏஜென்ட் வீடு வீடாக எடை போட்டுக் கொடுக்கிறார். சில நாட்களில் வந்து உருட்டிய பத்தியை வாங்கிக்கொண்டு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். வாசனை ஏற்றுவது, எண்ணிப் பாக்கெட்டில் போடுவது, முத்திரை ஒட்டுவது எல்லாம் நிறுவனத்தின் கூரைக்குக் கீழே நடக்கின்றன. இந்த ஏற்பாட்டில் தொழிற்சாலைக்குரிய செலவுகள் எங்கே போயின என்று யோசித்துப் பாருங்கள். இடம் அந்தப் பெண்ணுடையது. விளக்கும் தண்ணீரும் அவர் செலவு. மழைக்காலத்தில் பத்தி காயாமல் பூஞ்சை பிடித்தால் நட்டம் அவருடையது. கழிக்கப்பட்ட குச்சிக்குக் கூலி இல்லை. ஆர்டர் குறைந்த மாதத்தில் பணிநீக்கக் கடிதம் தரவேண்டியதில்லை; ஏஜென்ட் அந்தத் தெருவுக்கு வராமல் இருந்தால் போதும். கரித்தூள் படிந்த தரை, மூச்சில் ஏறும் தூசி, குனிந்தே இருந்து பிடித்துக்கொண்ட இடுப்பு, இவையும் அவருடையவைதான். வணிகத்தில் இருக்கும் ஆபத்தைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில், தாங்கும் வலு மிகக் குறைந்தவரிடம் இறக்கி வைத்திருக்கிறோம்.

பிறகு ஏன் பெண்கள் இதைச் செய்தார்கள்? 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடெங்கும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு விடை தருகிறது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். பெண்ணின் நாளில் ஐந்து மணி நேரம் கூலியில்லாமல் போகிறது, அதுவும் ஒரே மூச்சில் அல்ல, காலை முதல் இரவு வரை துண்டு துண்டாக. குக்கர் விசிலுக்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் நடுவே கிடைக்கும் அரை மணி நேரத்தை எந்தத் தொழிற்சாலையும் விலைக்கு வாங்காது. ஊதுபத்தி வாங்கியது. கூலி மிகக் குறைவுதான். ஆனாலும் அந்தப் பணம் அவர் கைக்கு நேராக வந்தது. மகளின் பள்ளிக்கட்டணத்துக்கும் சீட்டுக்கும் அதைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தது. இந்தத் தொழிலைச் சுரண்டல் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வராததற்கு அதுவே காரணம்.

இந்தச் சங்கிலிக்குள் 2011-இன் எண் நுழைந்தது. வரி குறைந்ததும் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வாசனை ஏற்றாத கச்சா பத்தி கன்டெய்னர்களில் வந்து இறங்கியது. கதர் கிராமத் தொழில் ஆணையம் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி, 2009-இல் 31 கோடி ரூபாயாக இருந்த இறக்குமதி 2019-இல் 546 கோடியை எட்டியது. உள்நாட்டு ஊதுபத்திக் கூடங்களில் கால்வாசி மூடப்பட்டன. மைசூருவிலும் பெங்களூருவிலும் இருந்த நிறுவனங்களுக்கு இது ஒரு வகையில் வசதிதான். கச்சா பத்தி மலிவாகக் கிடைத்தது, வாசனை ஏற்றிப் பாக்கெட் போடுவதை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள். பாக்கெட் போடும் பிரிவில் பெண்களுக்கு வேலை இருந்தது. உருட்டும் பெண்ணின் தெருவுக்குத்தான் ஏஜென்ட் வருவது குறைந்தது.

வரி மட்டும் இதைச் செய்துவிடவில்லை. கூடவே வந்தது ஓர் இயந்திரம். நிமிடத்துக்கு நூறு பத்திக்கு மேல் தள்ளும் தானியங்கி இயந்திரத்தை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆறாயிரம் பத்தி கிடைக்கும். கைதேர்ந்த பெண் விடியலிலிருந்து இருட்டும்வரை உருட்டினாலும் அவ்வளவு எட்டுவது கடினம். அந்த இயந்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதன் வாய்க்குள் நுழையும் குச்சி ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் கனத்தில், உருண்டையாக, கோணலில்லாமல் இருக்கவேண்டும். சற்றுத் தடித்தாலும் சிக்கிக்கொள்ளும். உள்ளங்கைக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது; சதுரமான குச்சி, லேசாக வளைந்த குச்சி, முனை பிசிறிய குச்சி எல்லாவற்றையும் அது சமாளித்துக்கொள்ளும்.

இந்த 1.3 மில்லிமீட்டரின் அதிர்வு மைசூருவிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் திரிபுராவில் கேட்டது. இந்திய ஊதுபத்திக்கான குச்சியில் பெரும்பகுதி ஒருகாலத்தில் திரிபுராவிலிருந்து வந்தது. பழங்குடிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே கத்தியால் மூங்கிலைக் கீறிக் குச்சி எடுத்தார்கள். கையால் கீறிய அந்தக் குச்சி சதுரமானது. உருட்டும் கைகள் இருந்தவரை அதற்குச் சந்தை இருந்தது. கைகளின் இடத்துக்கு இயந்திரம் வந்ததும் உருண்டைக் குச்சி வேண்டியதாயிற்று. அதைச் சீவும் இயந்திரங்கள் அன்று பெருமளவில் இருந்தது வியட்நாமிலும் சீனாவிலும்தான். அரசுத் தரப்புக் கணக்கில், 2010-இல் 29,000 டன்னாக இருந்த திரிபுராவின் குச்சி 2017-இல் 1,241 டன்னுக்கு இறங்கியது. மைசூருவில் உருட்டிய பெண்ணும் அகர்தலா பக்கத்தில் கீறிய பெண்ணும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். ஆனால் ஒருவர் கைக்கு மற்றவர் கை தேவைப்பட்டது. ஒன்று நின்றதும் மற்றதும் நின்றது.

வியட்நாம் குச்சி மட்டும் எப்படி மலிவாக இருக்கிறது? கூலி குறைவு என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது விடையின் சிறுபகுதிதான். ஒரு மூங்கிலில் ஊதுபத்திக் குச்சியாகப் பயன்படுவது 16 சதவீதம் போலத்தான். மீதி 84 சதவீதம் கழிவு. நம் ஊரில் அந்தக் கழிவுக்கு விலை இல்லாததால் முழு மூங்கிலின் செலவும் 16 சதவீதக் குச்சியின் தலையில் ஏறியது. சீனாவிலும் வியட்நாமிலும் கழிவைக் கரியாக்கி விற்றார்கள். குச்சி ஏறக்குறைய உபபொருள்போல வெளியே வந்தது. இந்தியாவிலோ மூங்கில் கரியை ஏற்றுமதி செய்யவே தடை இருந்தது. அது 2022-இல்தான் நீங்கியது. இன்னொரு முடிச்சு: தாவரவியலின்படி மூங்கில் புல் இனம். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டமோ அதை மரம் என்று வகைப்படுத்தியிருந்தது. சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து நீக்கியது 2017 நவம்பரில். அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. மைசூருவில் ஒரு பெண்ணுக்கு வேலை போனதற்கு வெளிநாட்டுச் சரக்கை மட்டும் குறை சொல்வோம். நம்முடைய பழைய சட்டப் புத்தகத்தின் ஒரு வரியும் அதில் பங்காளி என்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

எதிர்முனையில் இருப்பவர்களும் பெண்கள்தான். ஹனோய் நகருக்குத் தெற்கே குவாங் ஃபூ காவ் என்றொரு கிராமம். குச்சிகளின் அடியைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, கட்டுக்கட்டாக விரித்துப் பெரிய செம்பூக்களைப் போல முற்றமெங்கும் காயவைப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்தப் படத்துக்காகவே அங்கே போகிறார்கள். வியட்நாமிய ஊதுபத்தித் தொழிலுக்கு இந்தியா மிகப் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று இந்திய வணிக அமைச்சகம் ஊதுபத்தி இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தபோது, அங்குள்ள கூடங்களில் சரக்கு தேங்கியது. இங்கே ஒரு கையெழுத்து விழுந்தால் அங்கே முற்றம் காலியாகிறது. மைசூருப் பெண்ணின் எதிரி அந்த வியட்நாமியப் பெண் என்று எந்தப் பொருளாதாரப் புத்தகமும் என்னை நம்பவைக்க முடியாது.

கட்டுப்பாடு வந்ததும் சிலர் பத்திக்குப் பதிலாக உருண்டைக் குச்சியை அதிகம் இறக்கினார்கள். 2018-19-இல் 210 கோடி ரூபாயாக இருந்த குச்சி இறக்குமதி ஒரே ஆண்டில் 370 கோடியானது. 2020 ஜூனில் குச்சிக்கான வரியும் 10-லிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. அப்போது நாட்டின் தேவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,490 டன், உற்பத்தி 760 டன் என்று கதர் ஆணையம் கணக்குச் சொன்னது. பாதிக்குப் பாதி இடைவெளி. அப்படியானால் உருட்டும் கைகளுக்கு மறுபடி வேலை வந்திருக்கவேண்டும் அல்லவா?

வேலை வந்தது. ஆனால் பழைய வாசல்படிக்கு வரவில்லை. அதே ஆண்டு ஆணையம் அறிவித்த ஊதுபத்தித் திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு தானியங்கி இயந்திரம் நாளொன்றுக்கு 80 கிலோ பத்தி செய்யும், அதில் நான்கு பேருக்கு வேலை, கிலோவுக்கு 15 ரூபாய் வீதம் 1,200 ரூபாய், ஆளுக்கு 300. கையால் உருட்டிக் கிடைத்ததைவிட இது நல்ல கூலி என்பதில் ஐயமில்லை. அந்த இயந்திரத்துக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இயந்திரம் ஒரு கொட்டகையில் இருக்கும், மின்சாரம் இருக்கும் நேரத்தில் ஓடும். தொடர்ந்து எட்டு மணி நேரம் அங்கே நிற்க முடிபவருக்கே அந்த 300. துண்டு துண்டாகக் கிடைத்த அரை மணி நேரங்களை வைத்துச் சம்பாதித்தவருக்கு, வீட்டின் 299 நிமிடத்தை வேறு யாராவது ஏற்றுக்கொண்டாலொழிய அந்தக் கொட்டகை தூரம்தான். இறக்குமதி திறந்தபோது வேலையை இழந்தவரும், மூடியபோது அது திரும்பக் கிடைக்காதவரும் ஒருவரே. வரியை ஏற்றுவதா இறக்குவதா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

வீட்டைவிட்டு வெளியேற முடிந்த இளம்பெண்களுக்கு வேறொரு வாசல் திறந்திருந்தது. மைசூரு, மண்டியா, ராமநகர வட்டாரங்களில் ஏற்றுமதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே மாதச் சம்பளம் உண்டு, வருங்கால வைப்புநிதி உண்டு, இஎஸ்ஐ அட்டை உண்டு. மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கின் கடுமையும் கண்காணிப்பாளரின் கூச்சலும் கூடவே உண்டு. இந்தப் பெண்கள் பணிந்தே கிடப்பவர்கள் என்று நினைத்தவர்களுக்கு 2016 ஏப்ரலில் பதில் கிடைத்தது. வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்கமுடியாது என்று மத்திய அரசு விதி மாற்றியபோது, பெங்களூருவின் ஆடைத் தொழிலாளிகள் ஆயிரமாயிரமாகச் சாலைக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரிய தலைவர் யாரும் அழைத்து வந்த கூட்டமல்ல. இரண்டே நாளில் விதி திரும்பப் பெறப்பட்டது.

மைசூருவிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 2020 ஜூனில் நடந்ததும் இந்தக் கதையில் முக்கியமான இடம். கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆலையொன்று, பெருந்தொற்றால் ஆர்டர் இல்லையென்று சொல்லி, ஏறக்குறைய 1,200 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சங்கம் வலுவாக இருந்த ஆலை அது. அதனால்தான் குறிவைத்தார்கள் என்பது சங்கத்தின் குற்றச்சாட்டு. வாரக்கணக்கில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தைத்தது எச் அண்டு எம் நிறுவனத்துக்கான உடைகள். அந்த ஸ்வீடன் நிறுவனம் 2015-இல் இண்டஸ்ட்ரிஆல் என்ற உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசலில் எழுந்த குரல் அந்த ஒப்பந்தத்தின் வழியே உலகின் மறுகோடிவரை போனது. 2021 தொடக்கத்தில் சங்கத்தை அங்கீகரிக்கவும் வேலையிழந்தவர்களைத் திரும்ப அழைக்கவும் உடன்பாடு ஏற்பட்டது.

சட்டையின் கழுத்தில் தைத்த லேபிளை நாம் சாதாரணமாகப் பார்க்கிறோம். தையல் பெண்ணுக்கு அது ஒரு பிடிமானம். சங்கிலியின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கேட்கமுடியும். ஊதுபத்தி உருட்டும் பெண்ணுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர் தருவது வாசனையும் முத்திரையும் இல்லாத கச்சா பத்தி. அது எந்தப் பாக்கெட்டுக்குள் போகிறது, எந்த நாட்டில் ஏற்றப்படுகிறது என்று ஏஜென்டுக்கே சில வேளை தெரியாது. உலகமயமாக்கல் பெண்களுக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. சங்கிலியில் அவர் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் கிடைக்கும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவரின் பெயரை எழுதவே முடியாது என்று சொல்வார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் போனால் அது பொய் என்று தெரியும். அங்கே பீடி சுற்றும் பெண்களும் வீட்டிலிருந்துதான் சுற்றுகிறார்கள். அவர்களுக்கும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலிதான். ஆனால் 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச்சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது சொன்னது. மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அடையாள அட்டை, வைப்புநிதி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை எல்லாம் அந்த வழியில் வந்தவை. அட்டை வாங்கவும் பணத்தைக் கையில் பெறவும் பெண்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் பெயர் ஏட்டில் இருந்தது. ஒரே மாதிரியான திண்ணை, ஒரே மாதிரியான விரல் வேலை. ஒருவர் புகையிலையைச் சுற்றினார், மற்றவர் மாவை உருட்டினார். சட்டத்தின் கண்ணில் ஒருவர் தொழிலாளி. மற்றவர் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் குடும்பப் பெண்.

அகமதாபாத்தில் 1972-இல் இளா பட் தொடங்கிய சேவா சங்கம், ஊதுபத்தி உருட்டுபவர்களையும் பீடி சுற்றுபவர்களையும் சேர்த்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எதிர்த்து நெடுங்காலம் போராடியது. அதுபோன்ற அமைப்புகளின் முயற்சியால் 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழி வேலைக்கான 177-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. மற்றத் தொழிலாளிக்கு உள்ள கூலி, பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை வீட்டிலிருந்து செய்பவருக்கும் சமமாக உண்டு என்பது அதன் சாரம். முன்னின்று அதற்காக உழைத்த பெண்கள் இந்தியர்கள். இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2021-இல் வந்த இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் வீட்டுவழித் தொழிலாளி என்ற வரையறையும் இருக்கிறது. ஏட்டில் பெயர் ஏறத் தொடங்கியிருக்கிறது. கூலி தருபவரின் பெயர் அதற்கெதிரே எழுதப்படவில்லை.

கர்நாடகத்தில் இதற்கிடையே வேறு இரண்டு மாற்றங்கள் நடந்தன. 2023 ஜூனில் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹலட்சுமி திட்டம் மைசூருவிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. இவற்றை இலவசம் என்று மட்டும் பேசுவது பொருளாதாரத்தைப் பாதியாகப் பார்ப்பது. மட்டமான கூலியை ஒருவர் மறுக்கவேண்டுமானால், மறுத்த மறுநாள் அடுப்பெரிய ஏதாவது வழி இருக்கவேண்டும். பேருந்துக் கட்டணம் மிச்சமானால் வேலை தேடும் வட்டம் தெருவைத் தாண்டி விரியும். ஏஜென்ட் சொல்லும் விலைக்கு மறுவிலை சொல்லும் தெம்பு அங்கிருந்துதான் பிறக்கும்.

அந்த மறுவிலையைக் கணக்கிடும் இடம் ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தின் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் ஊதுபத்தித் தொழிலும் உண்டு. நாள்கூலியை ஒரு நாளில் உருட்டக்கூடிய எண்ணிக்கையால் வகுத்தால் ஆயிரத்துக்கான கூலி வரும். எல்லாம் அந்த வகுக்கும் எண்ணில் இருக்கிறது. மிக வேகமான கையை அளவுகோலாக வைத்தால் எண் பெரிதாகும், கூலி சிறிதாகும். ஏஜென்ட் வீட்டுக்குப் போய்த் தூள் வாங்கி வரும் நேரம், மாவு பிசையும் நேரம், வெயிலில் பரப்பி மழை தூறினால் ஓடிப்போய் எடுக்கும் நேரம், எண்ணிக் கட்டும் நேரம், கழிக்கப்பட்ட பத்திகளை உருட்டிய நேரம், பக்கத்தில் உட்கார்ந்து மாமியாரும் பள்ளிவிட்டு வந்த மகளும் சேர்ந்து உருட்டிய நேரம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணினால் ஒருவர் தனியாக ஒரு நாளில் முடிக்கும் எண்ணிக்கை கணிசமாகக் குறையும்; ஆயிரத்துக்கான கூலி அதற்கேற்ப உயரும். அடுத்தமுறை கூலி திருத்தக் குழு உட்காரும்போது, கையில் கடிகாரத்தோடு சில நாள் அந்த வாசல்படிகளில் உட்கார்ந்து அளந்த ஒருவர், முடிந்தால் உருட்டிப் பழகிய ஒரு பெண்ணே, அந்த மேசையில் இருக்கவேண்டும்.